காயப்போடுற பாசை

சீனி காணுமோ? காணாட்டிப் போடு, முன்னாலைதானே கிடக்கு.

குடிச்சுக்கொண்டு கேள், மச்சான். குறுக்கை கதையாதை. நீ லண்டனிலையிருந்து பலெர்மோவுக்குப் பிளேன் ஏறி வந்தது என்ரை மூஞ்சையைப் பாக்கவோ? தனுசியா அனுப்பினவள். நான் பெத்த மகள், எனக்குத் தெரியாதே? மாமா, ஒருக்காப் போய் அப்பாவோடை கதையுங்கோ, எழுபது வயசுக்கு மேலை பிலிப்பினோக்காரி ஒருத்திக்குப் பின்னாலை திரியிறார் எண்டு அழுதிருப்பாள். ம்? அழேல்லையோ? ஏசினவளோ? அப்ப சரி. அழுதால்தான் எனக்குக் கஷ்டம்.

பின்னாலை திரியிறன் எண்டது பிழை. அதுக்கு முதல் அவள் நடக்கோணும். அவள் ஆஸ்பத்திரியிலை கிடக்கிறாள். பாரிசவாதம். தை மாதத்திலையிருந்து வலப்பக்கம் விழுந்துபோய்க் கிடக்குது. வாற வெள்ளிக்கிழமை அவளை இஞ்சையிருந்து ஏத்திக்கொண்டு போகப்போகினம். இந்தத் தீவுக்கு நடுவிலை எங்கையோ ஒரு மலையூர். ஆரும் இல்லாத ஆக்களை வைச்சுப் பாக்கிற இடமாம். ரயிலும் பஸ்ஸும் மாறி மாறிப் போகோணும். அங்கை கொண்டுபோய்ப் போட்டால் அவள் வாயே திறக்காமல் செத்துப்போவாள். அதை நான் விடமாட்டன். இதுதான் விசயம். மிச்சமெல்லாம் சனத்தின்ரை வாய்.

பேரோ? யூலியானா. பாத்தியே, பேர் தெரியமுதலே கதை கட்டிப்போட்டியள்.

என்ரை வேலை உனக்குத் தெரியும். பொலிதேயாமாத் தியேட்டருக்குப் பின்பக்கம் ஒரு சின்னப் பென்சியோனே, ஏழெட்டு அறையுள்ள தங்குமடம். பெட்சீற், துவாய் எல்லாம் தோய்க்கிறது, மேல்மாடியிலை காயப்போடுறது, மடிக்கிறது. சிரிக்காதை. ஆம்பிளைக்குக் கை இல்லையோ? உன்ரை அக்கா மனோன்மணி வேறை வீடொண்டிலை சமைச்சாள், நான் இஞ்சை தோய்ச்சன். அப்பிடித்தான் உன்ரை மருமகளைப் படிப்பிச்சது.

பேந்து ஒரு நாள் தங்குமடத்துச் சொந்தக்காரி, அந்தச் சிஞ்ஞோரா, இவளைக் கொண்டந்து மேல்மாடியிலை விட்டிட்டுப் போட்டா. ஆள் கட்டை. இத்தாலியன் ஒரு சொல்லும் தெரியாது. பிலிப்பைன்ஸிலை பனாய் எண்டொரு தீவு. மணிலாப் பாசை வேறை, இவளின்ரை ஊர்ப் பாசை வேறை. எனக்கும் அப்ப என்ன தெரியும்? புவோன்ஜோர்னோவும் சுபித்தோவும். காலமை வணக்கம், மற்றது கெதியாச் செய். ரெண்டு ஊமையளும் ஒரு கயிறும். யோசிச்சுப் பார்.

கதைக்காமல் வேலை செய்யலாமே எண்டோ? நீ அந்தக் காத்தைக் காணேல்லை. ஒரு நேரம் துறைமுகத்துப் பக்கத்தாலை அடிக்கும். இன்னொரு நேரம் ஆபிரிக்காவிலையிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு வரும், வெள்ளைப் பெட்சீற் செங்கல் நிறமாப் போம். ஆளுக்காள் கத்தித்தான் ஆகோணும். அவள் தன்ரை பாசையிலை கத்தினாள். நான் தமிழிலை கத்தினன்.

அவளிட்டைத் தொங்கப்போடுற ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு சொல்லு. கிளிப் குத்திக் கயிறிலை காயப்போட்டால் ஹலாய். கிளிப் இல்லாமல் கயிறுக்கு மேலாலை எறிஞ்சுவிட்டால் சப்லாய். ஆணியிலை, கொழுவியிலை கொழுவினால் சப்-இத், நடுவிலை ஒருக்கா மூச்சை வெட்டோணும். அந்தரத்திலை தொங்கினால் பிதாய். காத்துக்குப் பறந்து எதிலையாவது மாட்டுப்பட்டுதோ, அது சங்-இத். சங்-இத் எண்டு கேட்டால் கையிலை உள்ளதைப் போட்டிட்டு ஓடோணும், இல்லாட்டிக் கிழிஞ்சிடும். எங்களிட்டை மட்டும் என்ன குறைவே? காயப்போடு, கொழுவு, தொங்கவிடு, மாட்டுப்பட்டுது. ஒரு மாரிக்குள்ளை எல்லாம் மாறிப்போச்சு. நான் ஹலாய், ஹலாய் எண்டுவன். அவள் கொளுவு, கொளுவு எண்டுவாள். ழ வராது. உன்ரை பிள்ளையளுக்கு மட்டும் வருதே?

ஒருக்கா இரட்டைக் கட்டில் பெட்சீற் ஒண்டு பறந்துபோய்ப் பக்கத்து மாடி அன்ரெனாவிலை சுத்திக்கொண்டுது. அந்த வீட்டுக் கிழவன் பந்தடி பாத்துக்கொண்டிருந்தவன். படம் போச்சு. மேலை ஏறிவந்து தாய் தேப்பன் எல்லாரையும் இழுத்து ஏசிறான். இவள் சங்-இத், சங்-இத் எண்டு அவனுக்கு விளக்கம் குடுக்கிறாள். நான் எடுக்கப்போக என்ரை சேட்டும் கம்பியிலை மாட்டுப்பட்டிட்டுது. இவள் நிலத்திலை இருந்து சிரிக்கிறாள். கிழவன் கீழை ஓடினான். அதுக்கிடையிலை பலெர்மோக்காரர் கோல் போட்டாச்சு. செத்த வீடு மாதிரிக் கத்தினான். பேந்து சாகுமட்டும் அவன் எங்களோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை.

என்ன வாயைத் திறந்திட்டு மூடுறாய்? கேள்.

கேட்டிட்டாய். அக்கா இருக்கேக்கையே தொடங்கினதோ எண்டு. இல்லை. ஒரு சொல்லுத்தான் மறுமொழி. நம்பினால் இரு. நம்பாட்டி உதிலை கதவு, கீழை இறங்கினால் போர்கோ வெக்கியோச் சந்தை, அதைத் தாண்டினால் பஸ்.

இரு, இரு. சும்மா சொன்னன்.

மனோன்மணிக்கு அவளைத் தெரியும். ஒருக்கா வீட்டிலை என்ரை சேட்டின்ரை கை கதவுக் கொழுவியிலை மாட்டுப்பட, நான் பழக்கத்திலை சங்-இத் எண்டு கத்திப்போட்டன். உன்ரை அக்கா அகப்பையோடை வந்து நிண்டு, உதென்ன, சிங்களமோ எண்டாள். இல்லை, யூலியானா சொல்லுறது எண்டன். பேந்து பாக்கோணுமே நக்கலை. சீலை முள்ளிலை மாட்டுப்பட்டாலும், சாவி பூட்டுக்குள்ளை இறுகினாலும், யூலியானாவைக் கூப்பிடுங்கோ எண்டுவாள். ஒரு ஞாயிறு இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு மேல்மாடிக்கே வந்திட்டாள், ஆளை அளக்க. ரெண்டு பேரும் தண்ணித்தொட்டியடியிலை குந்தியிருந்து சாப்பிட்டினம். என்ன பாசையிலை கதைச்சினமோ எனக்குத் தெரியாது, என்னைப் பாத்துப் பாத்துச் சிரிச்சினம். வீட்டை வந்து என்ன சொன்னவள் தெரியுமே? உங்களோடை ஒரு கயிறிலை வேலை செய்யிறதுக்கு அந்த மனிசிக்குக் கோயில் கட்டோணுமாம்.

கடைசி மாதங்களிலை அவள் எழும்பேலாமல் படுத்தாளே, இந்த அறையிலைதான். அந்தப் படுக்கை விரிப்பெல்லாம் ஆர் தோய்ச்சது? நீயோ? தனுசியாவோ? நீங்கள் லண்டனிலையிருந்து வீபூதி அனுப்பினியள். யூலியானா பின்னேரத்திலை வந்து பையிலை அள்ளிக்கொண்டு போவாள், அடுத்த நாள் மடிச்சபடி வரும். நான் தோய்க்கிறன் எண்டு போனால் கையிலை அடி.

சரி, விடு. தலையைக் குனியாதை. குத்திக்காட்டச் சொல்லேல்லை.

தை மாதம் எண்டனே. நல்ல வெயில், காத்தில்லை. அவள் கயிறடியிலை, நான் கூடையோடை. பெரிய பெட்சீற்றைத் தூக்கிக்கொண்டு சப்-இத் எண்டாள். பெட்சீற்றைப் போய் ஆணியிலை ஆர் கொழுவிறது? நான் பாத்தன். பேந்து பிதாய் எண்டாள். பேந்து சங்-இத், பேந்து திரும்பவும் சப்-இத். அவள் சொல்லு மாறிறவள் இல்லை, மச்சான். காய்ச்சலிலையும் மாறாதவள். கிளிப்பை வலக்கையாலை எடுக்கிறாள், விழுகுது. குனிஞ்சு எடுக்கிறாள், விழுகுது. நான் கூடையைப் போட்டிட்டு ஓடிப்போய் ஆளைப் பிடிச்சிட்டன். இந்த முழங்காலோடை முதுகிலை சுமந்துகொண்டு படியாலை இறங்கினனான். சிஞ்ஞோரா கத்திக் கத்தி அம்புலன்சுக்கு அடிச்சா.

உயிர் தப்பிட்டாள். வாய்தான் போச்சு. டொக்டர் ஒரு இளம் பெட்டை, நல்ல பிள்ளை, எனக்குப் படம் கீறிக் காட்டினாள். சொல்லுறது எல்லாம் அவளுக்கு விளங்குதாம். திருப்பிச் சொல்லத்தான் ஏலாதாம். இத்தாலியன் முழுக்க அழிஞ்சுபோச்சு. மணிலாப் பாசையும் போச்சு. ஊர்ப் பாசையிலை கொஞ்சம் உடைஞ்சு உடைஞ்சு வருது. மொழிபெயர்க்க மணிலாக்காரி ஒராளைக் கூப்பிட்டினம். அவ இருந்து பாத்திட்டு, எனக்குப் பாதிகூடப் பிடிபடேல்லை எண்டு உண்மையைச் சொல்லிப்போட்டுப் போட்டா. பாவம், அவவிலை என்ன பிழை?

அப்பதான் நான் நெஞ்சை நிமித்திக்கொண்டு உள்ளை போனன். எனக்குத்தானே அவளின்ரை பாசை தெரியும். விசரன்.

என்னைக் கண்டவுடனை சங்-இத் எண்டாள். சரி, எங்கையோ மாட்டுப்பட்டுப்போச்சு. கட்டிலைச் சுத்தி வந்தன். சேலைன் குழாய், ஊசி குத்தின கை, போர்வை, கட்டில் கம்பி, ஒண்டொண்டாத் தூக்கிப் பாத்தன். ஒண்டும் மாட்டுப்படேல்லை. திரும்பவும் சங்-இத். எங்கையடி எண்டு கத்திப்போட்டன். என்ரை பொறுமை உனக்குத் தெரியும். இடக்கையாலை வாயைக் காட்டினாள். வயித்தைக் காட்டினாள். பேந்து யன்னலைக் காட்டினாள். பேந்து அழத் தொடங்கிட்டாள். நேர்ஸ் வந்து என்னைத் தோளிலை பிடிச்சு வெளியிலை விட்டிட்டுது.

வெளி வாங்கிலை இருந்து யோசிச்சன். அவளின்ரை பாசையிலை எனக்கு என்ன தெரியும்? பசிக்கு என்ன சொல்லு? தெரியாது. நோவுக்கு? தெரியாது. பயமாக் கிடக்கு, வீட்டை போகோணும், ஒண்டும் தெரியாது. காயப்போடுற கதை மட்டும் தெரியும். இவ்வளவு காலம் பக்கத்திலை நிண்டும், தண்ணியை நீ என்னெண்டு சொல்லுவாய் எண்டு ஒரு நாள் கேட்டனோ? தேவைப்படேல்லை. தண்ணி அவளே எடுத்துக் குடிச்சவள்.

அண்டைக்கு அவள் என்ன சொல்லப் பாத்தவள் எண்டு இப்பவும் எனக்குத் தெரியாது. கேட்டாலும் இனி அவளுக்கு நினைவிராது.

ஓம், மலை ஏறினதும் உண்மைதான். அதையும் சொல்லிப்போட்டாங்களோ? மலைக்கோயில் றொசாலியா மாதாவிட்டை நேர்த்தி வைச்சு வெறுங்காலோடை ஏறினன். மனோன்மணிக்கும் ஏறினனான். அப்ப ஒருத்தரும் லண்டனுக்குப் போன் அடிக்கேல்லை.

மலையாலை இறங்கின அடுத்த நாள் பைக்குள்ளை கயிறும் கிளிப்பும் வைச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனன். ஒரு முனை கட்டில் கம்பியிலை, மற்ற முனை சேலைன் போத்தில் தொங்கிற கம்பத்திலை. அவளின்ரை கைலேஞ்சியளை ஈரமாக்கி மடியிலை வைச்சு, ஹலாய் எண்டன். என்னைப் பாத்தாள். கைலேஞ்சியைப் பாத்தாள். இடக்கையாலை எடுத்து, ஒரு நுனியைப் பல்லாலை கடிச்சுக்கொண்டு, கிளிப்பைக் குத்தினாள். விழுந்துது. திரும்பக் குத்தினாள். நிண்டுது. ஹலாய் எண்டு வாயிலையிருந்து வந்துது. கோணலாத்தான், ஆனால் சரியான சொல்லு.

அந்த நேரம் பாத்துப் பெரிய நேர்ஸ் உள்ளை வாறா. கம்பம் சாயுது, நிலமெல்லாம் தண்ணி. இதென்ன ஆஸ்பத்திரியோ, போர்கோ வெக்கியோவோ எண்டு கத்தினா. பக்கத்துக் கட்டிலிலை கிடந்த பலெர்மோக் கிழவி எழும்பி இருந்து, நான் போர்கோ வெக்கியோவிலை பிறந்தனான், உனக்கு அதிலை என்ன குறை எண்டு தொடங்கிட்டா. ரெண்டு பேரும் பிடிச்ச சண்டையிலை எங்களை மறந்துபோச்சினம். பேந்து கைப்பயிற்சி குடுக்கிற பிள்ளை வந்து பாத்திட்டு, கம்பத்திலை வேண்டாம், யன்னலடியிலை கட்டுங்கோ எண்டிட்டுது. இப்ப ஒவ்வொரு பின்னேரமும் ஒரு கயிறு உடுப்பு போடுறாள். கிழவியின்ரை காலுறையும் சேத்து. சப்லாய் எண்டால் சப்லாய்தான் செய்யிறாள். சொல்லு மாறிறதில்லை.

இதைத்தான் சொல்லுறன். அந்த மலையூரிலை ஆர் அவளிட்டை ஹலாய் எண்டு சொல்லப்போறான்? கட்டிலிலை போட்டு, நேரத்துக்குச் சாப்பாடு தீத்தி, சுவரைப் பாக்க விட்டிடுவினம். கெட்ட ஆக்கள் எண்டில்லை. அவையளுக்குத் தெரியாது.

போய்க் கதைக்காமல் இருப்பனே? சித்திரையிலையே போனன். ஆஸ்பத்திரியிலை ஆக்களை எங்கை அனுப்பிறதெண்டு பாக்கிற பகுதிக்குப் பொறுப்பான அம்மா மரியாதையானவ. கதிரை தந்தா. நீங்கள் அவவுக்கு ஆர் எண்டா. கொல்லேகா எண்டன், கூட வேலை செய்யிறவன். அவ்வளவுதான், பேனையை மூடி வைச்சிட்டா. சொந்தக்காரர் பொறுப்பெடுத்தால் வீட்டை விடலாமாம். இல்லாட்டி எங்கை இடம் கிடைக்குதோ அங்கைதானாம். யூலியானாவுக்கு ஆர் சொந்தக்காரர்? கலியாணம் கட்டாதவள். ஒரு அண்ணன் இருந்தவன், கப்பலிலை போய் வரேல்லை. வீடும் இல்லை. நாலு பொம்பிளையளோடை ஒரு அறையிலை ஒரு கட்டில் வைச்சிருந்தவள். அந்தக் கட்டிலிலை இப்ப வேறை ஒருத்தி படுக்கிறாள். நான் பாக்கிறன், என்ரை வீட்டிலை அறை சும்மா கிடக்கு எண்டன். நீங்கள் கொல்லேகா எல்லோ எண்டா.

கோபம் வந்துதோ எண்டோ? வந்துது. ஆரோடை கோவிக்கிறது? அவ கேட்டது நியாயமான கேள்வி.

அதுக்குப் பிறகுதான் ஆள் தேடத் தொடங்கினன். ஞாயிற்றுக்கிழமை பிலிப்பினோச் சனம் போற தேவாலய வாசலிலை நிண்டு, வாறவை போறவையிட்டையெல்லாம் பனாய், பனாய் எண்டு கேட்டன். பிச்சைக்காரன் எண்டு நினைச்சு ஒருத்தி சில்லறை வைச்சிட்டுப் போனாள். கடைசியிலை ஒருத்தன் அம்பிட்டான். ஸ்ஃபெர்ராகவால்லோவிலை மீன் சாப்பாட்டுக் கடையொண்டிலை சமைக்கிறவன், அதே தீவு, அதே பாசை. லீவு இல்லாத மனிசன். கடையடியிலை போய் நிண்டு நிண்டு, ஒரு மத்தியானம் ஏப்ரனையும் கழட்டாமல் இழுத்துக்கொண்டு வந்தன். பஸ்ஸிலை வரேக்கை கேட்டன், நோவுக்கு என்ன சொல்லு? சகித். தண்ணிக்கு? துபிக். வழி முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு வந்தன், சகித், துபிக், சகித், துபிக். பக்கத்திலை இருந்த பெட்டை எழும்பி வேறை சீற்றிலை போய் இருந்திட்டாள்.

பேந்து கட்டிலடியிலை வைச்சு, நான் கேக்க வேண்டியதை அவன் அவளிட்டைக் கேட்டான். டொக்டர் பெட்டையும் நிண்டவள். ஒருத்தரும் வற்புறுத்தக் கூடாது, அவவா யோசிச்சுச் சொல்லோணும் எண்டு கண்டிப்பாச் சொன்னவள்.

என்ன கேட்டதோ? பொறன். எல்லாத்துக்கும் அவசரம்.

அவள் கேட்டிட்டு என்னைப் பாத்தாள். மேலையிருந்து கீழை மட்டும், சந்தையிலை மீன் பாக்கிற மாதிரி. பேந்து அரை வாயாலை சிரிச்சாள். அந்தச் சிரிப்பு நிக்கக் கன நேரம் எடுத்துது. பேந்து துண்டு துண்டா என்னவோ சொன்னாள். சமையல்காரன் என்னைப் பாக்கிறான். சொல்லன்ரா எண்டன். உங்களுக்குப் பெட்சீற் மடிக்கத் தெரியாதாம், மூலைக்கு மூலை சேராதாம் எண்டான். அது ஊருக்கே தெரியும், கேட்டதுக்கு என்ன மறுமொழி எண்டன். அதுக்கு ஓமாம். டொக்டர் திருப்பி வேறை மாதிரிக் கேட்பிச்சாள். அதுக்கும் ஓம். நாள் விட்டு இன்னொருக்காவும் அவனைக் கொண்டந்து கேட்பிச்சினம். அப்பவும் ஓம். கடைசியிலை அவளுக்கே அலுத்துப்போச்சு, சமையல்காரனைக் கையாலை தள்ளிவிட்டாள்.

எழும்பாதை. இரு.

கடுதாசியெல்லாம் முடிஞ்சுது. ரெண்டு தூதரகத்துக் கடுதாசியும் போன கிழமைதான் வந்து சேந்தது. நாளைக்குக் காலமை பத்து மணிக்குக் கொமூனே, நகரசபை அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வாறார். நடக்கேலாத ஆளெண்டால் கட்டிலடிக்கே வந்து எழுதுவினமாம். ஓம், கலியாண எழுத்துத்தான். வேறை என்ன எழுத்து? தாலி இல்லை, ஐயர் இல்லை. வெள்ளிக்கிழமை அவையள் வந்து, நீங்கள் ஆர் எண்டு கேக்கட்டும்.

கொமூனேயிலை போய் எழுதினால் ரெண்டு சாட்சி காணும். கட்டிலடியிலை எண்டால் நாலு பேர் நிக்கோணுமாம். மூண்டு பேர் கிடைச்சிட்டினம். நாலாவது ஆளுக்கு அலைஞ்சுகொண்டிருக்கேக்கைதான் நீ போன் அடிச்சாய், உங்களோடை நேரிலை கதைக்கோணும் அத்தான், வாறன் எண்டு. நான் சாட்சிக் கதையை எடுக்கேல்லை. வா எண்டன். உனக்குப் பாசை விளங்காட்டிப் பரவாயில்லை, அதுக்கும் ஆள் நிக்கும். கோபாலசிங்கம் எண்டு உன்ரை பேரும் குடுத்தாச்சு. அந்த அதிகாரிக்கு அது வாயிலை வரேல்லை, மூண்டு தரம் சொல்லவேண்டியதாப் போச்சு.

பாஸ்போட்டைப் பெட்டிக்குள்ளை வைக்காதை. மேசையிலை எடுத்து வை.